அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் பிறந்தால் மட்டும் குடியுரிமை வந்துவிடுமா?

கரூர் கவிதா:

வணக்கம். நாங்கள் இப்போது ஜெர்மனியில் கைசர்ஸ்லவுட்டர்ன் பக்கம் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் அமெரிக்க ராணுவத்தில் சார்ஜென்ட். 2011இல் டெக்சஸுக்கு எம்.எஸ். படிக்கப் போனவர். 2014இல் மாவ்னி திட்டத்தில் (ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்ட திட்டம்), தமிழ் தெரியும் என்ற தகுதியில் சேர்ந்தார். அடிப்படைப் பயிற்சி முடிந்த கையோடு குடியுரிமையும் கிடைத்தது. எனக்கு இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான். கிரீன் கார்டு இருக்கிறது.

எனக்கு இது ஏழாவது மாதம். லான்ட்ஸ்டூல் ராணுவ மருத்துவமனையில் பிரசவம். பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண், "அந்த மருத்துவமனை அமெரிக்க மண். குழந்தை டெக்சஸில் பிறந்த மாதிரிதான், ஒன்றும் கவலைப்படாதே" என்கிறார். இன்னொருவர் ஜெர்மன் குடியுரிமையும் சேர்ந்தே கிடைக்கும் என்கிறார். ஊரிலிருந்து மாமனார், ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதியாவிட்டால் குழந்தைக்கு எந்த நாடும் இருக்காது என்று பயமுறுத்துகிறார். மூன்றில் எதை நம்புவது?

நெல்லை வேலன்:

வாழ்த்துகள் சகோதரி. நான் நியூஜெர்சியில் ஒரு குடியேற்றச் சட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வழக்கறிஞர் இல்லை, ஆனால் இந்த விண்ணப்பங்களைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன்.

முதலில் பதில்: உங்கள் குழந்தை பிறக்கும்போதே அமெரிக்கக் குடிமகன் ஆகிவிடும். ஆனால் பக்கத்து வீட்டம்மா சொல்லும் காரணத்தால் அல்ல. ராணுவ முகாம், தூதரகம், போர்க்கப்பல் எதுவாக இருந்தாலும் வெளிநாட்டில் இருக்கும் வரை அமெரிக்க அரசியல் சாசனத்தின் 14ஆவது திருத்தம் சொல்லும் "அமெரிக்காவில் பிறந்தவர்" என்ற கணக்கில் அது வராது. வெளியுறவுத் துறையின் கையேடே இது பரவலான தவறான நம்பிக்கை என்று எழுதி வைத்திருக்கிறது. லான்ட்ஸ்டூல் மருத்துவமனையில் கொடி பறக்கலாம், டாலரில் காபி வாங்கலாம், ஆனால் அது நிற்பது ஜெர்மன் மண்ணில்.

உங்கள் குழந்தைக்குக் குடியுரிமை வருவது அப்பாவின் வழியாக. பெற்றோரில் ஒருவர் அமெரிக்கர், மற்றவர் வெளிநாட்டவர் என்றால், அந்த அமெரிக்கர் குழந்தை பிறப்பதற்கு முன்பே அமெரிக்காவில் மொத்தம் 5 ஆண்டு நேரில் இருந்திருக்க வேண்டும். அதில் 2 ஆண்டு 14 வயதுக்குப் பிறகு. ராணுவத்தில் ஒழுங்காகப் பணியாற்றிய காலம் வெளிநாட்டில் கழிந்தாலும் இந்த 5 ஆண்டில் சேரும். இன்னொன்றும் கவனியுங்கள்: அந்த 5 ஆண்டும் குடிமகனாக இருந்த காலமாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. மாணவர் விசாவில் இருந்ததும் கணக்கில் உண்டு. 2011 முதல் கணக்கெடுத்தால் உங்கள் வீட்டுக்காரருக்கு வேண்டியதற்கு மேலேயே இருக்கிறது.

ஜெர்மன் குடியுரிமை கிடைக்காது. 2000க்குப் பிறகு அங்கே வெளிநாட்டுப் பெற்றோரின் பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை உண்டு என்பது உண்மைதான். அதற்குப் பெற்றோரில் ஒருவர் 5 ஆண்டு சட்டப்படி அங்கே வசித்து நிரந்தர வசிப்புரிமையும் வைத்திருக்க வேண்டும் (2024 ஜூன் வரை 8 ஆண்டு). நீங்கள் இருப்பது நேட்டோ படைகளுக்கான ஒப்பந்தத்தின் கீழ். அந்த வசிப்புரிமை உங்களுக்குக் கிடையாது.

மாமனார் சொல்வதில் பாதி சரி. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த பிள்ளை இந்தியக் குடிமகன் ஆக, ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதித் தரவும் வேண்டும். உங்கள் குழந்தைக்கு அமெரிக்க பாஸ்போர்ட் எடுக்கப் போகிறீர்கள். அதனால் அந்த வழி உங்களுக்கு வேண்டாம். எந்த நாடும் இல்லாமல் போகும் என்ற பயமும் வேண்டாம். பிறகு ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் அட்டை) எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் படையில் பணியாற்றுபவர், ஓய்வு பெற்றவர் யாருக்கும் ஓ.சி.ஐ. கிடையாது என்பது இந்திய விதி, அதனால் வீட்டுக்காரருக்குக் கிடைக்காது. குழந்தைக்கு உங்கள் வழியாகக் கிடைக்கும்.

பழைய சார்ஜென்ட்:

கவிதாம்மா, வேலன் சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் காகிதத்தைச் சொல்கிறேன். ராணுவத்தில் ஆள்பதிவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளை குடிமகன் என்பது ஒன்று, அதை நிரூபிப்பது வேறொன்று. நம் ஆட்கள் சிக்கிக்கொள்வது இரண்டாவதில்தான்.

லான்ட்ஸ்டூலில் பிறந்தால் மருத்துவமனை தரும் காகிதம் மட்டும் போதாது. அந்த ஊர் ஸ்டாண்டஸாம்ட்டில், அதாவது நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகம் மாதிரியான இடத்தில், ஜெர்மன் பிறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு உங்கள் திருமணப் பதிவுச் சான்று கேட்பார்கள். கோயில் ரசீதும் பத்திரிகையும் செல்லாது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி பதிவு செய்த சான்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அதற்கு ஜெர்மன் மொழிபெயர்ப்பு கேட்கலாம், சான்றைச் சரிபார்க்க வேறு என்ன வேண்டும் என்று அந்த அலுவலகத்திலேயே கேளுங்கள். ஊரிலிருந்து வர வேண்டியது இதுதான், எனவே இதற்குத்தான் நாளாகும்.

அதன்பின் முகாமின் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக ஃபிராங்ஃபர்ட் கன்சுலேட்டுக்கு வெளிநாட்டுப் பிறப்பு அறிக்கை, எல்லாரும் சி.ஆர்.பி.ஏ. என்பார்கள். படிவம் டி.எஸ். 2029. கூடவே பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி எண், டீர்ஸ் என்ற படைக் குடும்பப் பதிவேட்டில் குழந்தையைச் சேர்ப்பது. அப்பா அமெரிக்காவில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள்: பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல், ஆண்டு வருமானச் சான்றான டபிள்யூ-2, சம்பளச் சீட்டான எல்.இ.எஸ்., இடமாற்ற ஆணைகள், பாஸ்போர்ட் முத்திரைகள். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். பிரசவத்துக்கு மருத்துவமனைப் பையை எடுத்துவைக்கும்போதே இந்தக் கோப்பும் தயாராக இருக்க வேண்டும்.

18 வயது முடிந்துவிட்டால் சி.ஆர்.பி.ஏ. கிடைக்கவே கிடைக்காது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட வீரர்களின் பிள்ளைகள் பெரியவர்களாகி, செத்துப்போன அப்பாவின் பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி அலைவதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

திண்டிவனம் முரளி:

வேலன் சார் சொல்வது சட்டமாக இருக்கலாம், நியாயமாகத் தெரியவில்லை. ஒரு வீரனை அந்த நாட்டு அரசாங்கமே ஆணை போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. மனைவி அங்கே பிள்ளை பெறுகிறார். அந்த முகாமுக்குள் அமெரிக்க ராணுவச் சட்டம்தான், வாசலில் அமெரிக்கக் காவல்தான். அப்புறம் ஏன் அது அமெரிக்க மண் இல்லை?

நெல்லை வேலன்:

முரளி, இதே கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1986 ஆகஸ்ட் 9 அன்று ஃபிராங்ஃபர்ட்டில் ஓர் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் ஒரு பையன் பிறந்தான். அப்பா ஜமைக்காவில் பிறந்து, 1977 ஜூலையில் அமெரிக்காவுக்கு வந்து, அதே செப்டம்பரில் ராணுவத்தில் சேர்ந்தவர். மகன் பிறந்தபோது குடிமகனாகவும் இருந்தார். அம்மா கென்யக் குடிமகள். அன்று இருந்த சட்டம் 5 ஆண்டு கேட்கவில்லை, 10 ஆண்டு கேட்டது. அதில் 5 ஆண்டு 14 வயதுக்குப் பிறகு. அப்பாவுக்கு இருந்தது ஒன்பது ஆண்டுதான். அந்த 10 ஆண்டு 5 ஆண்டாகக் குறைந்தது 1986 நவம்பர் 14இல். அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மட்டும்தான் அது செல்லும். பையன் மூன்று மாதம் முந்திப் பிறந்துவிட்டான்.

சின்ன வயதிலேயே கிரீன் கார்டோடு அமெரிக்காவுக்கு வந்து அங்கேயே வளர்ந்தான். பெரியவனான பிறகு குற்ற வழக்குகளில் தண்டனை பெற்றதால் நாடுகடத்தும் ஆணை வந்தது. அப்போதுதான் தான் குடிமகனே இல்லை என்ற பிரச்சினை முன்னால் வந்து நின்றது. முகாம் அமெரிக்க மண், ஆகவே 14ஆவது திருத்தப்படி நான் குடிமகன் என்று வாதாடினார். "தாமஸ் எதிர் லிஞ்ச்" வழக்கில் ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் அதை ஏற்க மறுத்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே இல்லை. 2025இல் அவரை ஜமைக்காவுக்கு அனுப்பிவிட்டதாகச் செய்திகள் வந்தன. அவர் வாழ்ந்தே பார்க்காத நாடு அது.

நீதிமன்றம் ஏன் மறுத்தது? பிலிப்பைன்ஸ் 1898 முதல் 1946 வரை அமெரிக்க ஆளுகையிலேயே இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே பிறந்தவர்கள் "அமெரிக்காவில் பிறந்தவர்கள்" இல்லை என்று பல நீதிமன்றங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டன. முழுதாக ஆண்ட நாட்டுக்கே அந்தத் தகுதி இல்லை என்றால், ஜெர்மனி தன் இறையாண்மையை விட்டுக்கொடுக்காமல் பயன்படுத்த மட்டும் அனுமதித்த ஒரு முகாமுக்கு எப்படி வரும்? சட்ட வாதமாக இதை உடைப்பது கஷ்டம்.

பழைய சார்ஜென்ட்:

சட்ட வாதமாகக் கஷ்டம், சரி. ஒன்பது வருஷம் சீருடை போட்ட மனிதனுக்கு ஒரு வருஷம் குறைகிறது என்று அவன் பிள்ளையைத் தெருவில் விடுவது எனக்கு வயிறெரிகிற விஷயம். அந்தப் பிள்ளை செய்த குற்றத்துக்குச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள், அனுபவித்தான். அதற்கு மேல் பிறந்த தேதிக்காக ஒரு தண்டனை எதற்கு?

முரளி தம்பி, மண்ணை மாற்றக் கேட்பதைவிட விதியை மாற்றக் கேட்பதுதான் சரி என்பது என் கட்சி. பணி ஆணையில் வெளிநாட்டில் இருக்கும் வீரன் அமெரிக்கக் குடிமகன் என்றால் அவன் பிள்ளைக்கு ஆண்டுக் கணக்கே கேட்கக் கூடாது. மண்தான் முக்கியம் என்று பிடித்தால் முகாமில் துப்புரவு வேலை பார்க்கும் ஜெர்மன் பெண்ணுக்கு அங்கே அவசரமாகப் பிரசவமானாலும் அமெரிக்கக் குடியுரிமை தர வேண்டிவரும். அவர்களும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. கேட்பது வீரனின் பிள்ளைக்காக மட்டும்.

நஹா மாலதி:

நான் ஜப்பானில் ஓகினாவாவில் ஆசிரியையாக இருக்கிறேன். இங்கே அமெரிக்க முகாம்கள் அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். இந்த ஆண்டுக் கணக்கு எத்தனை பேரை நாடற்றவர்களாக ஆக்கியது என்பதை இங்குள்ள வயதானவர்களிடம் கேட்க வேண்டும்.

1985 ஜனவரி 1க்கு முன் ஜப்பானியக் குடியுரிமை அப்பா வழியாக மட்டும்தான். அம்மா ஜப்பானியர், அப்பா வெளிநாட்டவர் என்றால் பிள்ளைக்கு ஜப்பான் இல்லை. அப்பா அமெரிக்க வீரர், சரி, அமெரிக்கா கிடைக்கும் என்று நினைப்போம். ஆனால் வேலன் சொன்ன பழைய விதியைத் திரும்பப் பாருங்கள்: 14 வயதுக்குப் பிறகு 5 ஆண்டு. 18 வயதுப் பையன் படையில் சேர்ந்து இங்கே வந்து கல்யாணம் செய்துகொண்டால், அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவனாக இருந்தாலும் 14க்குப் பிறகு அவனுக்கு நாலு ஆண்டுதான் ஆகியிருக்கும். 19 வயது ஆகாத அப்பாவால் குடியுரிமை கொடுக்கவே முடியாது. ஜப்பானும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. அப்பா ஊர் திரும்பித் தொடர்பை அறுத்துக்கொண்டால் நிரூபிக்கக் காகிதமும் இல்லை. அப்படிப் பிறந்த பிள்ளைகள் இங்கே பாஸ்போர்ட் இல்லாமல் வளர்ந்தார்கள். 1984இல் ஜப்பான் சட்டத்தைத் திருத்தி அம்மா வழியையும் ஏற்றதற்கு ஓகினாவாப் பிள்ளைகளின் நிலையும் ஒரு காரணம்.

கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். அப்பா அமெரிக்கர் என்றால் ரத்த உறவை நிரூபிக்க வேண்டும். 18 வயது வரை பணம் கொடுத்துக் காப்பாற்றுவேன் என்று அவர் எழுதித் தர வேண்டும். பிள்ளைக்கு 18 ஆவதற்குள் தன் பிள்ளை என்று சட்டப்படி ஏற்கவும் வேண்டும். அம்மாவுக்கு இந்த நிபந்தனைகள் இல்லை. சைகோனில் 1969இல் பிறந்து டெக்சஸில் அமெரிக்க அப்பாவிடமே வளர்ந்த ஒருவரின் வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று இந்த வேறுபாட்டைச் சரி என்றது. வளர்த்த அப்பாவே நீதிமன்றத்தில் கூட நின்றும் பலனில்லை.

வியட்நாம், கொரியா, தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா நாடுகளில் அமெரிக்க அப்பாக்களுக்குப் பிறந்தவர்களுக்கு 1982இலும், வியட்நாமுக்குத் தனியாக 1987இலும் சட்டம் வந்தது. அவை குடியேறும் வாய்ப்பைத் தந்தன, குடியுரிமையைத் தரவில்லை. ஜப்பானும் பிலிப்பைன்ஸும் அதிலும் இல்லை. பிலிப்பைன்ஸில் இருந்த சுபிக், கிளார்க் முகாம்கள் 1991, 92இல் மூடப்பட்டன. பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

சார்ஜென்ட் ஐயா கேட்கும் விதி மாற்றத்தில் இந்தப் பிள்ளைகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். முகாமுக்குள் குடும்பத்தோடு இருப்பவரின் பிள்ளை மட்டும் வீரனின் பிள்ளை இல்லை.

ஹம்ஃப்ரீஸ் வாசி:

இந்த இழையைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது. என் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள் அண்ணா.

அம்மா போட்ட மனுவில் 2022 நடுவில் கிரீன் கார்டோடு அமெரிக்கா வந்தேன். அதற்கு முன் அமெரிக்காவைப் பார்த்ததே இல்லை. 2023இல் ராணுவத்தில் சேர்ந்தேன், குடியுரிமையும் கிடைத்தது. இப்போது தென்கொரியாவில் கேம்ப் ஹம்ஃப்ரீஸ். 2025இல் திருச்சியில் கல்யாணம். மனைவி இந்தியக் குடிமகள், கிரீன் கார்டு இன்னும் இல்லை, என்னோடுதான் இங்கே இருக்கிறாள். 2026 கடைசியில் குழந்தை பிறக்கும். நாலு வருஷம் சொச்சம்தான் வருகிறது. முகாமில் விசாரித்தபோது "நீ சிட்டிசன், பிள்ளையும் சிட்டிசன்" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நெல்லை வேலன்:

தம்பி, நீங்கள் போட்ட கணக்கு சரி. அந்த ஒரு வரிப் பதில் தவறு. கொரியாவில் இருந்த காலம் படைப்பணியாகச் சேரும். சேர்த்தும் 5 வராது. படையில் சேருவதற்கு முன் இந்தியா போய் வந்த நாட்கள் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். உங்கள் குழந்தை பிறக்கும்போது அமெரிக்கக் குடிமகன் ஆகாது. சி.ஆர்.பி.ஏ. விண்ணப்பம் போட்டால் மறுப்புதான் வரும்.

ஆனால் கதவு மூடவில்லை. பயப்படாமல் படியுங்கள்.

பிறப்பால் வராத குடியுரிமையை 18 வயதுக்குள் பெற்றோர் வழியாகப் பெற இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, குழந்தைக்கு ஐ-130 என்ற குடும்ப உறவு மனுப் போட்டு, குடியேற்ற விசா வாங்கி, அமெரிக்காவுக்குள் கூட்டிப்போவது. உங்கள் பொறுப்பில் அங்கே வசிக்கும் குழந்தை கிரீன் கார்டோடு உள்ளே நுழைந்ததுமே தானாகக் குடிமகன் ஆகிவிடும். 2001 பிப்ரவரி 27 முதல் நடப்பில் இருக்கும் சட்டம் இது. இந்த வழியில் அப்பாவின் ஆண்டுக் கணக்கையே கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று, வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை கேட்கும் என்-600கே என்ற விண்ணப்பம். இதில் 5 ஆண்டுக் கணக்கு உண்டு. ஆனால் குழந்தை பிறந்த நாளுக்கு முன் 5 ஆண்டு முடிந்திருக்க வேண்டும் என்று இங்கே கேட்பதில்லை. பிறந்த பிறகு கழியும் காலமும் சேரும். அதாவது 2027இல் உங்கள் 5 ஆண்டு முடிந்ததும் நீங்கள் தகுதி பெறுவீர்கள். சாதாரணமாக இதற்குக் குழந்தை அமெரிக்காவுக்குத் தற்காலிகமாகவாவது வர வேண்டும். ஆணையின்படி வெளிநாட்டில் அப்பாவோடு வசிக்கும் வீரரின் பிள்ளைக்கு 2008 ஜனவரி முதல் அந்தக் கட்டாயம் இல்லை. கொரியாவில் இருந்தபடியே முடிக்கலாம். ஆணைத் தாளில் மனைவி, குழந்தை பெயர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அது முக்கியம்.

அதுவரை குழந்தை நாடில்லாமல் இருக்கக் கூடாது. கவிதாவுக்கு வேண்டாம் என்று நான் சொன்னது உங்களுக்குக் கட்டாயம் வேண்டும்: ஒரு வருஷத்துக்குள் சியோல் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து இந்திய பாஸ்போர்ட் எடுங்கள். தாய் இந்தியர் என்பதே போதும்.

திண்டிவனம் முரளி:

நான் 2019இல் படித்த ஞாபகம். வீரர்களின் பிள்ளைகளுக்கு இனிக் குடியுரிமை இல்லை என்று தலைப்புச் செய்தி வந்ததே, அது என்ன ஆயிற்று?

பழைய சார்ஜென்ட்:

அது பெரிய கலவரத்தையே கிளப்பியது. 2019 ஆகஸ்ட் 28 அன்று குடியேற்றத் துறை ஒரு கொள்கை மாற்றம் வெளியிட்டது. அதுவரை வெளிநாட்டில் பணியில் இருக்கும் வீரர், அரசு ஊழியர் ஆகியோரின் பிள்ளைகளை, தானாகக் குடியுரிமை வரும் அந்த முதல் வழிக்கு மட்டும், "அமெரிக்காவில் வசிப்பவர்கள்" என்று எடுத்துக்கொண்டார்கள். அக்டோபர் 29 முதல் அப்படி எடுக்க மாட்டோம் என்றார்கள். பிறக்கும்போதே குடிமகனாகும் பிள்ளையை அது தொடவே இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் தத்துப்பிள்ளைகள், நம் ஹம்ஃப்ரீஸ் தம்பி மாதிரி ஆண்டுக் கணக்கு நிரம்பாதவர்களின் பிள்ளைகள், குழந்தை பிறந்த பிறகு குடியுரிமை பெற்றவர்களின் பிள்ளைகள். எண்ணிக்கை குறைவு என்று அதிகாரிகள் சமாதானம் சொன்னார்கள். குறைவோ அதிகமோ, ஆணை வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போகிற குடும்பத்துக்கு இந்த நிச்சயமின்மை பெரிய கொடுமை.

நல்லவேளை, காங்கிரஸ் தலையிட்டது. 2020 மார்ச் 26 அன்று புதுச் சட்டம் கையெழுத்தானது. கிரீன் கார்டு உள்ள பிள்ளை, பணி ஆணையில் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோரோடு வசித்தால் அமெரிக்காவில் வசிப்பதாகவே கொள்ளப்படும். கோவிட் செய்திகளுக்கு நடுவில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. பழைய தலைப்பு மட்டும் இன்றும் வாட்ஸப்பில் சுற்றுகிறது.

நான் மேலே கேட்ட விதி மாற்றம் நடக்க முடியாத ஒன்று இல்லை என்பதற்கும் இது சாட்சி. ஏழு மாதத்தில் ஒரு கொள்கையைத் திருப்பியிருக்கிறார்கள். மனம் இருந்தால் அந்த 5 ஆண்டையும் எடுக்கலாம்.

ஆல்டர்ஷாட் தயா:

நான் இங்கிலாந்தில இருக்கிறன். சொந்த இடம் பருத்தித்துறை. சார்ஜென்ட் ஐயா கேக்கிற மாதிரியான விதி ஒண்டு இஞ்ச ஏற்கெனவே இருக்குது, அதைச் சொல்லத்தான் எழுதுறன்.

பிரித்தானியச் சட்டப்படி வெளிநாட்டில பிறக்கிற பிள்ளை பொதுவா "வம்சாவளியால்" குடியுரிமை எடுக்கும். அந்தப் பிள்ளை பிறகு தன்ர பிள்ளைக்கு வெளிநாட்டில வைச்சு லேசில குடுக்க ஏலாது. ஆனா 1983 ஜனவரி 1இல இருந்து, பிரித்தானியப் பிரஜையான தகப்பனோ தாயோ இஞ்ச ஆள் சேர்க்கப்பட்டு முடிச்சேவையில (படை மாதிரியான அரச பணியில) வெளிநாடு போயிருந்தால், பிள்ளை லண்டனில பிறந்த பிள்ளை மாதிரியே கணக்கு. அடுத்த தலைமுறைக்கும் குடுக்கலாம். எத்தனை வருசம் இருந்தாய் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. ஜெர்மனியில பிரித்தானியப் படை இருந்த காலத்தில பிறந்த கனபேர் இப்பிடித்தான்.

பிரஜை இல்லாத வீரர்களுக்கும் வழி இருக்குது. எங்கட ஊரில நேபாளக் கூர்க்காக்களும் பீஜிக்காரரும் நிறையப் பேர் இருக்கினம். 2010 ஜனவரி 13இல இருந்து, படையில இருக்கிற ஆளின்ர பிள்ளை ஐக்கிய இராச்சியத்தில பிறந்தால் நேரா பிரித்தானியப் பிரஜை. தகப்பன் வெளிநாட்டில பணியில இருக்கேக்க அங்க பிறந்தால், பதிஞ்சு எடுக்க உரிமை இருக்குது. பதியாமல் விட்டால்தான் பிரச்சினை.

ஆனா முகாம் மண் எண்ட கதை இஞ்சயும் எடுபடாது. சைப்பிரஸில இருக்கிற அக்ரோத்திரி, டெக்கேலியா இரண்டும் பிரித்தானியா தன்ர இறையாண்மை எண்டே வைச்சிருக்கிற தளங்கள். 2002இல கடல்கடந்த ஆட்புலக்காரர் எல்லாருக்கும் முழுப் பிரித்தானியக் குடியுரிமை குடுக்கேக்க, அந்தத் தளங்களோட மட்டும் தொடர்புள்ள ஆக்களை வெளியில விட்டிட்டினம்.

நெல்லை வேலன்:

தயா அண்ணா, அருமையான தகவல். கனடாவும் 2009இல் வெளிநாட்டில் பிறக்கும் முதல் தலைமுறையோடு குடியுரிமை நிற்கும் என்று கட்டுப்பாடு போட்டபோது, வெளிநாட்டில் பணியாற்றும் படையினரின் பிள்ளைகளுக்கு விலக்குக் கொடுத்தது. பிறகு பேரப்பிள்ளைகள் வரை அதை நீட்டினார்கள். சார்ஜென்ட் ஐயாவின் கோரிக்கை அளவுக்கு மீறியது இல்லை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

கரூர் கவிதா:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. திருமணப் பதிவுச் சான்று எங்களிடம் இருக்கிறது. சரிபார்ப்புக்கு என்ன வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்கிறோம். ஒரே ஒரு கேள்வி. அப்பா வழியாக வரும் குடியுரிமை, மண்ணில் பிறந்து வரும் குடியுரிமையைவிடக் கீழானதா? நாளைக்கு யாராவது பறிக்க முடியுமா? அமெரிக்காவில் பிறக்காதவர் ஜனாதிபதி ஆக முடியாது என்கிறார்களே?

நெல்லை வேலன்:

அன்றாட வாழ்க்கையில் ஒரு வேறுபாடும் கிடையாது சகோதரி. ஓட்டு, பாஸ்போர்ட், அரசு வேலை எல்லாம் ஒன்றே. ஒரே வித்தியாசம், இந்தக் குடியுரிமை காங்கிரஸ் போட்ட சட்டத்தில் நிற்கிறது, மண்ணில் பிறந்தவருடையது அரசியல் சாசனத்தில் நிற்கிறது. நாளை சட்டம் மாறினாலும் வழக்கமாக அதற்குப் பிறகு பிறப்பவர்களுக்குத்தான்.

ஜனாதிபதி கேள்விக்கு ஜான் மெக்கெய்ன் நல்ல உதாரணம். 1936 ஆகஸ்ட் 29 அன்று பனாமா கால்வாய் மண்டலத்தில் கோகோ சோலோ கடற்படைத் தளத்தில் பிறந்தவர். அப்பா கடற்படை அதிகாரி, பெற்றோர் இருவரும் அமெரிக்கர். அப்படியும் சிக்கல் வந்தது. அன்றைய சட்டம், அமெரிக்காவின் "எல்லைக்கும் அதிகாரத்துக்கும்" வெளியே பிறந்த பிள்ளைகளைத்தான் பேசியது. கால்வாய் மண்டலமோ எல்லைக்கு வெளியே, அதிகாரத்துக்கு உள்ளே. அந்த ஓட்டையை அடைக்க 1937 ஆகஸ்ட் 4இல் தனிச் சட்டம் போட்டு, 1904 பிப்ரவரி 26 முதல் அங்கே அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்த எல்லாரும் குடிமக்கள் என்றார்கள். பிறந்து ஒரு வருஷம் கழித்து வந்த சட்டத்தால் அவர் "பிறப்பாலேயே குடிமகன்" ஆவாரா என்று 2008 தேர்தலில் சட்ட அறிஞர்கள் சண்டை போட்டார்கள். 2008 ஏப்ரல் 30 அன்று செனட் ஒரு தீர்மானம் போட்டு ஆவார் என்றது. எதிர்த்துப் போட்டியிட்ட ஒபாமாவும் அதற்குத் துணை நின்றார். தீர்மானம் சட்டம் இல்லை, உச்ச நீதிமன்றம் இன்றுவரை இதில் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் பிறந்த நொடியிலேயே குடிமகனாகும் உங்கள் பிள்ளைக்கு அந்தத் தகுதி உண்டு என்பதே பெரும்பாலோர் கருத்து.

மதுக்கரை ராஜன்:

இடையில் ஒரு தகவல். நம் இந்திய ராணுவத்திலும் இது வரும். பூட்டானில் ஹா என்ற ஊரில் 1962 முதல் இந்தியப் படைப் பயிற்சிக் குழு இருக்கிறது. வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால் அவர்களும் ஒரு வருஷத்துக்குள் தூதரகப் பதிவைச் செய்துவிடுவதே பாதுகாப்பு. அரசாங்கமே அனுப்பியது என்ற தைரியத்தில் விட்டுவிடக் கூடாது.

ஹம்ஃப்ரீஸ் வாசி:

வேலன் அண்ணா, நேற்று உங்கள் பதிலை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அழுதுவிட்டாள், நிம்மதியில்தான். இன்னும் இரண்டு சந்தேகம். அம்மா அமெரிக்கா வந்து எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, போன வருஷம் குடியுரிமை வாங்கினார். அது எனக்கு உதவுமா? அடுத்த குழந்தைக்கும் இதே பாடுதானா?

நெல்லை வேலன்:

அம்மாவைப் பற்றி முதலிலேயே நான் கேட்டிருந்தால் உங்களுக்கு ஒரு வருஷக் கவலை மிச்சமாகியிருக்கும்! என்-600கே வழியில், அப்பாவுக்கு 5 ஆண்டு நிரம்பாவிட்டால் குடிமகனாக இருக்கும் தாத்தா அல்லது பாட்டியின் 5 ஆண்டைக் காட்டலாம். அவருக்கும் 2 ஆண்டு 14 வயதுக்குப் பிறகு இருக்க வேண்டும். அம்மா எட்டு வருஷமாக அங்கே இருக்கிறார், இப்போது குடிமகள். அதனால் 2027 வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தை பிறந்து, பிறப்புச் சான்றிதழ் வந்ததும் விண்ணப்பிக்கலாம். அம்மாவிடம் குடியுரிமைச் சான்று, வரி ரசீதுகள், வாடகை ஒப்பந்தம், பழைய பாஸ்போர்ட் எல்லாவற்றையும் இப்போதே ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்த குழந்தைக்குள் உங்கள் 5 ஆண்டு முடிந்துவிடும். அதற்கும் மேல், உங்கள் மனைவிக்குக் கிரீன் கார்டு வந்தபின், வெளிநாட்டில் பணியில் இருக்கும் வீரரின் மனைவி என்ற முறையில் வழக்கமான காத்திருப்பு இல்லாமலே குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. பெற்றோர் இருவரும் குடிமக்கள் ஆகிவிட்டால் ஆண்டுக் கணக்கே கிடையாது. இருவரில் ஒருவர் எப்போதாவது அமெரிக்காவில் வசித்திருந்தால் போதும்.

என்-600கே அனுப்பும் முன் உங்கள் முகாமில் ராணுவ வழக்கறிஞர்களின் இலவச சட்ட உதவிப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள், நீங்களும் அம்மாவும் அமெரிக்காவில் இருந்த தேதிகளை வரிசையாக எழுதி, அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள்.